நாற்பது கிடாரிக்கு ஒரு ஜட்ஜ்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வலது கையை உயர்த்திச் சொல்கிறேன். எங்கள் நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பக்கத்தில் காற்றைப் பற்றிப் பொய் சொல்லலாம், பனியைப் பற்றிச் சொல்லலாம், தேவாலய வாசலிலேயே நின்று சொன்னாலும் யாரும் தட்டிக் கேட்கமாட்டார்கள். ஆனால் மாட்டைப் பற்றிப் பொய் சொன்னவன் அதோடு தொலைந்தான். அவன் செத்தால் சவப்பெட்டி தூக்க ஆறு பேர் தேறாது. எனக்கு ஆறு பேர் வேண்டும். ஆகவே இது சத்தியம்.

வெர்லின் கிராபர் அந்த ஜனவரி மாதம் முழுவதும் சமையலறை மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. எதிரே காளைப் புத்தகம். விந்து விற்கிற கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் அனுப்பி வைக்கிற புத்தகம்தான். பக்கத்துக்கு ஒரு பொலிகாளை, குளிப்பாட்டித் தலைவாரி, பச்சைப் புல்லில் முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிற்கும். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எண்கள். கன்று சுலபமாகப் பிறக்குமா, பிறக்கும்போது என்ன எடை, பால் மறக்கும்போது என்ன எடை, குணம் சாதுவா முரடா, எல்லாம் எண்ணாகவே இருக்கும்.

வெர்லினிடம் அந்த வருடம் நாற்பது கிடாரிகள். எல்லாம் கறுப்பு ஆங்கஸ் ஜாதி, எல்லாம் அவனுடைய நல்ல பசுக்களின் மகள்கள், ஒன்றுகூட விலைக்கு வாங்கியதில்லை. வயசுப்பெண்களுக்கு வரன் பார்க்கிற தகப்பனின் நிலைமைதான் அவனுக்கு. கறிமாட்டுக்காரனுக்குக் கிழப்பசுவைப் பற்றிக் கவலை கிடையாது. அதற்கு எந்தக் காளையைக் கட்டினாலும் பெற்றுப் போட்டுவிட்டுப் புல் மேயப் போய்விடும். தலைச்சன் ஈற்றுக் கிடாரி அப்படியல்ல. இடுப்பு குறுகல், பயம் அதிகம். காளையின் கன்று கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் கன்று இழுக்கிற ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். முந்தின வருடம் வெர்லின் அப்படிப் பதினோரு தடவை ஓடினான். இரண்டு கிடாரி போய்விட்டன. அந்த இரண்டின் எண் பொறித்த காதுப் பட்டைகளும் இன்னும் பிக்கப் வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் கிடந்தன; அவன் எடுத்து எறியவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் போட்டோவ இவ்ளோ நேரம் பாத்திருப்பியா?" என்றாள் அவன் மனைவி ஆர்டிஸ், கோப்பையில் காப்பியை ஊற்றிக்கொண்டே.

"உன் போட்டோவுக்குக் கீழ நம்பர் போடலையே, ஆர்டிஸ்."

"போட்டிருந்தா?"

"இன்னும் கொஞ்சம் பெரிய கண்ணாடி வாங்கியிருப்பேன்."

கடைசியில் ஒரு நாள் அவன் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. ஹை பிளெயின்ஸ் ஜட்ஜ் என்று பெயர். கரியைக் குழைத்துச் செய்த மாதிரி ஒரு காளை. உண்மையிலேயே நீதிபதியைப் போலத்தான் பார்த்தது. படத்தைப் பார்த்தவுடன் வெர்லின் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினான்.

"இங்க பாரு. பிறப்பு எடை, மைனஸ். அதுவும் லேசுப்பட்ட மைனஸ் இல்ல."

ஆர்டிஸ் எட்டிப் பார்த்தாள். "மைனஸ் எடையில கன்னு பொறந்தா, பெத்தவளுக்கு எடை கூடிடுமா?"

"மத்த காளைங்களவிட மைனஸுன்னு அர்த்தம். ஆனா பால் மறக்கும்போது பாரு, எடை எகிறுது. சின்னதாப் பொறந்து பெருசா வளரும். ஒரே காளைக்கு இந்த ரெண்டும் அமையறது அபூர்வம்."

"மனுசங்கள்லயும் அபூர்வந்தான்," என்று சொல்லிவிட்டு அவள் காப்பியைக் குடித்தாள்.

மறுநாள் காலை தீவனக் கடையில் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. அங்கே காப்பி கொதிக்கிற பானையைச் சுற்றிப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் தினமும் உட்காருவார்கள். அந்த வட்டத்தில் காளை விஷயத்தில் கடைசி வார்த்தை டுவெய்ன் பாபாக் என்பவனுடையது. டுவெய்ன் வெர்லினுக்கு வேலிக்கு வேலி அண்டைப் பண்ணை. அவன் புத்தகத்தில் காளை பார்க்கிற ஜாதி இல்லை. ஏலத்துக்குப் போய் வேலியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிச் சாய்ந்து, ஒரு மணி நேரம் காளையின் பின்புறத்தையே பார்ப்பான், துப்புவான், அப்புறம் வாங்குவான். அப்படி வாங்கினதுதான் ஹெரால்டு. மாமனார் பெயரை வைத்தான். ஏன் என்றால் அந்தக் காளையும் மாமனாரைப் போலவே எதைப் பார்த்தாலும் அதன்மேல் சாய்ந்து நின்று பெருமூச்சு விடும். வெர்லின் அதை 'சோஃபா' என்று கூப்பிடுவான்.

"காகிதத்துல புல்லு மொளைக்காதுய்யா வெர்லின்," என்றான் டுவெய்ன். "அந்த ஜட்ஜு மூச்சு விடறானா, செத்துட்டானா, அதாவது தெரியுமா ஒனக்கு?"

"செத்தா என்ன? அவன் விந்து ஒறஞ்சு குச்சியில இருக்குல்ல."

"குச்சியில! ஏன்யா, நல்லா உருண்டு தெரண்டு என் ஹெரால்டு பக்கத்து மேய்ச்சல்ல நிக்கிறான். கேட்டா சும்மா குடுத்திருப்பேனே."

"சோஃபாவையா? என் கிடாரிங்களுக்கு மாப்பிள்ள வேணும், டுவெய்ன். மேசை நாற்காலி வேணாம்."

கடையே சிரித்தது. டுவெய்னின் காது சிவந்தது. "அடுத்த வருசம் கன்னு இழுக்க எத்தன தடவ ஓடறேன்னு பாக்கறேன்."

வெர்லின் எழுந்து வெளியே போனான். பிக்கப் வண்டியின் பின்னாலிருந்து கன்று இழுக்கிற ஜாக்கியைத் தூக்கிவந்து, காப்பிப் பானைக்குப் பக்கத்தில், டுவெய்னின் காலடியில் வைத்தான். ஓராள் உயர இரும்புத் தண்டு, சங்கிலி, பற்சக்கரம், எல்லாம் சேர்த்து.

"கொண்டுபோ. எனக்கு இனிமே வேணாம். நாப்பதுல ஒண்ணுக்காவது நான் உங்கிட்ட வந்து இதத் திருப்பிக் கேட்டேன்னா, இதே எடத்துல எழுந்து நின்னு, 'டுவெய்னுக்குக் காளை தெரியும், எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும்'னு சொல்றேன்."

"கேக்கலேன்னா?"

"கேக்கலேன்னா நீ கன்னுங்களுக்குச் சூடு போடற நாளன்னைக்கு என் பட்டியில, ஊர் முன்னாடி, 'வெர்லினுக்குக் காளை தெரியும், எனக்கு வேலி மேல சாயத்தான் தெரியும்'னு சொல்லணும்."

டுவெய்ன் ஜாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். எங்கள் பக்கத்தில் கையெழுத்துக் கிடையாது. எல்லாரும் பார்க்க ஒரு பொருள் கை மாறிவிட்டால் போதும்.

பிப்ரவரியில் ஜட்ஜ் வந்து சேர்ந்தார். பால் கேன் மாதிரி ஒரு அலுமினியக் கேன். உள்ளே திரவ நைட்ரஜன். அதில் மூழ்கி நாற்பது உறைவிந்துக் குச்சிகள், ஒவ்வொன்றும் பேனா ரீஃபில் பருமன். வெர்லின் அதைப் பின்வாசல் அறையில், சேற்றுப் பூட்ஸுகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் உட்கார வைத்தான். ஆர்டிஸ் அதற்கு ஒரு பின்னல் விரிப்புப் போட்டாள். கேலிக்குத்தான் போட்டாள், அவன் நன்றி சொன்னான்.

அன்றிலிருந்து கிராபர் வீட்டுக்கு வந்தவர் எவரும் ஜட்ஜைத் தரிசிக்காமல் திரும்பியதில்லை. தபால் கொண்டுவருகிற அம்மாள், எரிவாயு நிரப்புகிறவன், வழி தவறி வந்த அயோவாக்காரன், எல்லாருக்கும் ஒரே மரியாதை. வெர்லின் மூடியைத் திறப்பான். வெள்ளைப் புகை கழுத்து வழியாகப் பொங்கித் தரையில் இறங்கி பூட்ஸுகளுக்குள் புகும். குச்சிகள் இருக்கிற குவளையை நீண்ட கம்பியால் மெல்ல மேலே தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவான்.

"நாப்பது பேரும் உள்ளதான் இருக்காங்க," என்பான். "சத்தம் போடாதீங்க."

லூத்தரன் பாதிரியார் ஈஸ்டருக்கு முன்பு வந்தார். அவரும் மாட்டுக்காரக் குடும்பம்தான். ஆகவே குவளையின்மேல் கையை உயர்த்திச் சுருக்கமாக ஒரு ஜெபம் செய்தார். அவருடைய சுருக்கம் ஊர் அறிந்தது. வெர்லினின் கை வலித்தது, ஆனாலும் ஆமென் வரைக்கும் தூக்கிப் பிடித்தான். புகை அடங்கிப்போய், ஜெபத்தின் பின்பாதியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

ஜூன் மாதம் சினை ஊசி போடுகிற கெல்சி வந்தாள். கிடாரிகள் நாற்பதும் ஒரே நாளில் பருவத்துக்கு வரும்படி முன்னதாகவே மருந்து கொடுத்திருந்தார்கள். கெல்சி தோள்வரைக்கும் பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு, கூண்டுக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்ற கிடாரிக்குக் குச்சியைச் செலுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் வெர்லின் தொப்பியைக் கழற்றி மாட்டினான்.

"வெர்லின், இப்படி நாப்பது தடவை கழட்டினா வெயில் தாங்காது," என்றாள் கெல்சி.

"ஜட்ஜ் வர்றப்ப எல்லாரும் எழுந்து நிக்கணும்மா. நான் தொப்பியாவது கழட்டறேன்."

"பாருங்க, நூத்துக்கு அறுபது சினை நின்னாலே நான் அன்னைக்குக் கேக் வெட்டுவேன். ரொம்ப நம்பாதீங்க. மிச்சத்துக்கு ஒரு காளைய விடுங்க."

"மிச்சம் இருக்காது," என்றான் வெர்லின்.

சாயங்காலம் கிடாரிகளை டுவெய்னின் எல்லையை ஒட்டிய மேய்ச்சலில் விட்டான். மறுநாள் விடிந்ததும் பார்க்கப் போனபோது அங்கே டுவெய்ன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். முள்கம்பி வேலி ஓரிடத்தில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நான்கு கம்பங்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. அதைத் தாண்டி, வெர்லின் பக்கத்துப் பருத்திவாகை மரத்தடியில் ஹெரால்டு படுத்துக் கிடந்தது. காதில் உட்கார்ந்த ஈயை விரட்டக்கூடத் தெம்பில்லை. சுற்றி நாற்பது கிடாரிகளும் நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தன.

எங்கள் பக்கத்து வேலிச் சட்டம் பைபிளைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது. இரண்டு அண்டைக்காரர்கள் வேலியின் நட்டநடுவில் எதிரெதிராக நிற்க வேண்டும்; அவரவர் வலதுகைப் பக்கத்துப் பாதி அவரவர் பொறுப்பு. தன் பாதி வேலியைக் காப்பாற்றத் தெரியாதவனை மாட்டுக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. தீவனக் கடையில் அவனுக்கு நாற்காலியை நகர்த்திக்கூடத் தரமாட்டார்கள். படுத்திருந்த வேலி டுவெய்னின் பாதி.

டுவெய்ன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான். "சாஞ்சிருக்கான். வேற ஒண்ணுமில்ல. கம்பம் கொஞ்சம் இத்துப் போயிருந்துச்சு. இந்த வாரம் மாத்தணும்னுதான் இருந்தேன்."

"எப்ப வந்தானாம்?"

"சாயங்காலமே வந்திருப்பான் போல." டுவெய்ன் குரலைத் தாழ்த்தினான். "வெர்லின், இது கடையில தெரிஞ்சா நான் அங்க காலெடுத்து வைக்க முடியாது."

வெர்லின் ஹெரால்டைப் பார்த்தான். ஹெரால்டு பெருமூச்சு விட்டது. வெர்லினுக்கு அதன்மேல் கோபம்கூட வரவில்லை; இரக்கம்தான் வந்தது. பந்தி முடிந்து இலை எடுத்தபிறகு ஓடிவந்த விருந்தாளியைப் பார்க்கிற இரக்கம்.

"பாவம், லேட்டா வந்துட்டான். ஜட்ஜ் மத்தியானமே தீர்ப்பு எழுதிட்டுப் போயாச்சு," என்றான். "வேலியக் கட்டு. செத்தாலும் நான் வாய் தெறக்க மாட்டேன்."

இருவரும் கைகுலுக்கினார்கள். ஹெரால்டைத் தூக்கி நிறுத்த டிராக்டர் தேவைப்பட்டது. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெறும் அசதி என்றார். எதனால் அசதி என்று டுவெய்ன் கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் சினை பார்த்தார்கள். நாற்பதுக்கு நாற்பது. கெல்சி திரும்ப ஒருமுறை பார்த்தாள். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டுக் கூண்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் படிச்ச காலேஜுக்கு இதச் சொன்னா, பட்டத்தத் திருப்பிக் குடுன்னு கேப்பாங்க," என்றாள்.  அந்த வாரத்திலிருந்து தலைக்கனத்தில் வெர்லினுடைய தொப்பி இறுகிவிட்டது. ஆர்டிஸ் உள்பட்டியைப் பிரித்துத் தைத்தாள். நன்றி நவிலும் நாள் விருந்துக்குள் இரண்டாம் முறையும் பிரித்தாள். கிறிஸ்துமஸுக்குப் பெரிய தொப்பி ஒன்று வாங்கவேண்டியதாயிற்று.

மார்ச்சில் கன்றுகள் வரத் தொடங்கின. இங்கேதான் நான் சத்தியம் செய்ததை வாசகர்கள் ஒருமுறை நினைவில் கொள்ளவேண்டும்.

முதல் கிடாரி படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது, கன்று பிறந்தது, அது அசை போடுவதை நிறுத்தவில்லை. இரண்டாவது திரும்பிப் பார்த்து, யாருடைய கன்று இது என்று மற்றக் கிடாரிகளை முகத்துக்கு முகம் விசாரித்தது. இன்னொன்று தீவன வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே ஈன்றது. கன்று தரையில் விழுந்த வேகத்தில் அதுவும் கூடவே ஓடி, தாயை முந்திக்கொண்டு வண்டியை எட்டிப் பிடித்தது. ஒரு நாள் ஆர்டிஸ் துணி உலர்த்தப் போனவள் கூடைக்குள் ஒரு கன்றைக் கண்டாள். தாய் பத்தடி தள்ளி, எதையோ எங்கோ வைத்துவிட்டு மறந்த பாவனையில் நின்றது. எல்லாம் முயல் போலச் சிறிசு, எல்லாம் எழுந்தவுடன் பால் குடித்தது, பால் குடித்தவுடன் வளரத் தொடங்கியது. காலையில் போட்ட காதுப் பட்டை சாயங்காலம் கம்மல் மாதிரித் தெரிந்தது.

கன்று சீசன் என்றால் பண்ணைக்காரன் எலும்பும் தோலுமாகி, தூங்காமல், மனைவியிடம் வள்ளென்று விழுந்து கொண்டிருப்பான். வெர்லினோ கொழுத்தான். தொழுவத்தைப் பெருக்கினான். பெருக்கிய தொழுவத்தைத் திரும்பப் பெருக்கினான்.

"கல்யாணம் ஆனதுலேருந்து மார்ச் மாசத்துல உன்னச் சவரம் பண்ணின முகத்தோட நான் பாத்ததே இல்ல," என்றாள் ஆர்டிஸ். "இத்தன வருசமா ஒரு முகவாய மறைச்சு வச்சிருக்கியே."

காலையில் தீவனக் கடைக்குப் போனால் டுவெய்ன் ஜாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பான். அதைத் தினமும் கொண்டுவந்து பக்கத்து நாற்காலியில் சாத்தி வைத்திருப்பான்.

"ஒன்னத்தான் கேட்டுச்சு," என்பான்.

"முப்பத்தோரு கன்னு ஆச்சுன்னு சொல்லு."

"இன்னும் ஒம்போது இருக்கே."

"இருக்கட்டும். ஜாக்கிக்கு நீ நடனம் சொல்லிக்குடு, பொழுது போகட்டும்."

முப்பத்தொன்பது ஆயிற்று. ஏப்ரலில் ஒரு நாள் வடக்கிலிருந்து பனிப்புயல் வந்தது. நாற்பதாவது கிடாரிக்கு அன்றைக்குத்தான் வலி எடுத்தது. இருந்ததிலேயே சின்னது, தாய் இல்லாமல் ஆர்டிஸ் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. ஆர்டிஸ் அதைப் பட்டன் என்று கூப்பிடுவாள். காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. இரண்டு சின்னக் குளம்புகள் தெரிந்தன, அதற்குமேல் வரவில்லை. வெர்லின் சட்டையைக் கழற்றிவிட்டு, கையில் சங்கிலி சுற்றி, தொழுவத் தரையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். பட்டன் ஆர்டிஸின் மடியில் தலையை வைத்துக் கத்தியது; அப்புறம் கத்துவதையும் நிறுத்தியது.

"ஜாக்கி வேணும்," என்றாள் ஆர்டிஸ்.

வெர்லின் சங்கிலியை மறுபடி கையில் சுற்றினான்.

"வெர்லின். கை போறாது. ஜாக்கி வேணும்."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம்."

"எதப் பாக்கணும்? இது சாகறதையா?" அவள் குரல் உயரவில்லை. "ஒன் வாய்க்கு இது ஏன் சாகணும்?"

வெர்லின் பட்டனின் கண்ணைப் பார்த்தான். வண்டிக் கண்ணாடிக்கு முன்னால் கிடந்த இரண்டு காதுப் பட்டைகள் ஞாபகம் வந்தன. எழுந்து சட்டையைப் போட்டான். புதுத் தொப்பி தலைக்குப் பெரிதாக இருந்தது, காதுவரைக்கும் இறங்கியது. டிரெய்லரைத் தொழுவ வாசலில் பின்வாங்கி நிறுத்தி, இரண்டு பேருமாகப் பட்டனை வைக்கோல்மேல் இழுத்து ஏற்றினார்கள். ஆர்டிஸ் அதோடு பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வழி தெரியவில்லை, வேலிக் கம்பங்களின் நுனியைப் பார்த்து ஓட்டினான். போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "டுவெய்னுக்குக் காளை தெரியும். எனக்கு எழுத்துக்கூட்டி..."  மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். மூன்றாம் தடவை முழுசாக வந்தது. சொல்லிவிடலாம், சொன்னால் ஒன்றும் ஆளைக் கொல்லாது என்று தோன்றிய நேரத்தில், வண்டி டுவெய்னின் எல்லையில் இருக்கிற இரும்புக் குழாய்த் தடுப்பின்மேல் ஏறியது. மாடு தாண்டாமல் இருப்பதற்காகப் பள்ளத்தின்மேல் குழாய்களை அடுக்கியிருப்பார்கள். வண்டி தடதடவென்று குலுங்கியது. பின்னால் டிரெய்லர் அதைவிடக் குலுங்கியது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது, ஈரச் சாக்கு மூட்டை விழுந்த மாதிரி.

வெர்லின் வண்டியை நிறுத்தினான்.

எதிரே பனிக்குள்ளிருந்து டுவெய்ன் ஓடி வந்தான். வண்டி விளக்கைத் தூரத்திலேயே பார்த்திருக்கிறான். ஜாக்கி தோளில் தயாராக இருந்தது. வாய் காதுவரைக்கும் சிரித்தது.

"வா வா வா! சொல்லு. என்ன வேணும் ஒனக்கு? வாயால சொல்லு."

வெர்லின் கண்ணாடியை இறக்கினான். வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் டிரெய்லருக்குள்ளிருந்து ஆர்டிஸின் குரல் வந்தது. "வெர்லின்! எழுந்திருச்சிட்டான்! பாலுக்கு முட்டறான்!"

வெர்லின் வாயை மூடினான். தொப்பியைச் சரிசெய்தான்.

"ஒண்ணும் வேணாம்," என்றான். "ஒரு கன்னுக்குட்டியக் காட்டலாம்னு வந்தேன்."

"இந்தப் பனியிலயா?"

"வெயில்ல காட்டினா கண்ணு கூசும். அவ்வளவு கறுப்பு."

டுவெய்ன் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தான். பட்டன் எழுந்து நின்று நக்கிக்கொண்டிருந்தது. கன்று நான்கு இழுப்புப் பால் குடித்தது. தள்ளாடி நடந்து டிரெய்லரின் பக்கச் சுவருக்குப் போனது. அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்து நின்று பெருமூச்சு விட்டது.

டுவெய்ன் அதையே வெகுநேரம் பார்த்தான். அவன் தொப்பியின் விளிம்பில் பனி ஏறியது. என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"என்னய்யா?" என்றான் வெர்லின்.

"ஒண்ணுமில்ல," என்றான் டுவெய்ன். கொஞ்சம் பொறுத்து, "சாதுவா இருக்கான்," என்றான்.

"புத்தகத்துலயே போட்டிருந்தான். குணம், முதல் தரம்."

மே மாதம் சூட்டு நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைகள் எல்லாம் குதிரையும் கயிறுமாக வந்துவிட்டன. பெண்கள் மிளகாய்க் குழம்பும் பட்டைத்தூள் ரொட்டியும் பாத்திரம் பாத்திரமாக இறக்கினார்கள். கன்றின் பின்னங்காலில் குதிரைமேலிருந்து கயிறு வீசி, நெருப்புப் பக்கம் இழுத்துவர வேண்டும். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். சூடு போட வேண்டும். அதுதான் வழக்கம். ஜட்ஜின் கன்றுகளிடம் அந்த வழக்கம் செல்லவில்லை. முதல் கன்றுக்குக் கயிறு போட்ட கில்பர்ட் மாஸ் குதிரையோடு பின்பக்கமாகவே போய், மேட்டைத் தாண்டி மறைந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வேறு திசையிலிருந்து நடந்து வந்தான். அமுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. ஐந்தாவது ஆள் அந்த நான்கு பேரை அமுக்கினான். இரும்பில் இருந்த எழுத்து அவற்றின் தொடைக்குப் போதவில்லை. பெரிய மனிதர் வீட்டுக் கதவில் தபால்தலை ஒட்டிய மாதிரி இருந்தது. அத்தனை பலத்துக்கும் ஒன்றாவது உதைத்ததா என்றால், இல்லை. சூடு ஆறியதும் நாற்பதும் வரிசையாகப் போய்ப் பட்டி வேலியில் சாய்ந்து நின்றன. வேலி முனகியது.

ஆட்கள் வேலை ஓய்ந்து பீரில் தக்காளிச் சாறு கலந்து எடுத்துக்கொண்டு நின்றபோது, ஒருவரும் கேட்காமலேயே பேச்சு அடங்கியது. எல்லாரும் டுவெய்னைப் பார்த்தார்கள்.

டுவெய்ன் நடுப்பட்டிக்கு வந்து தொப்பியைக் கழற்றினான். வேலியில் சாய்ந்திருந்த நாற்பது கன்றையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தான். அவன் முகத்தில் அப்போது இருந்தது தோற்றவனின் களை இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறவன் முகம் மாதிரி ஏதோ ஒன்று வந்து, கண் கலங்கி, உடனே போய்விட்டது.

"வெர்லினுக்குக் காளை தெரியும்," என்றான். "எனக்கு... எனக்கு வேலி..."

"சத்தமா!" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்கு வேலி மேல சாயத்தான் தெரியும்!"

கைதட்டல் அடுத்த மாவட்டத்துக்குக் கேட்டது. வெர்லின் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் டுவெய்னின் தோளில் கை போட்டான். வென்றவனுக்குப் பெருந்தன்மை அழகு என்பது அவனுக்குத் தெரியும். காதோரம் குனிந்து, "அன்னைக்கு நடந்தத நான் மூச்சு விடலை, பாத்தியா? கடைசி வரைக்கும் விடமாட்டேன்," என்றான்.

"தெரியும்யா," என்றான் டுவெய்ன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான். "நீ சொன்ன சொல்லக் காப்பாத்தறவன்."

அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு வெர்லினும் ஆர்டிஸும் பட்டிக் கதவடியில் நின்றார்கள். பட்டன் தன் கன்றுக்குப் பின்னால் மறைந்து மேய்ந்தது. கன்று இப்போது அதைவிடப் பெரிசு. வெர்லின் வண்டிக்குள்ளிருந்து பழைய காதுப் பட்டைகள் இரண்டையும் எடுத்துவந்து குப்பை எரிக்கிற பீப்பாயில் போட்டான். ஆர்டிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் தேர்ந்தெடுத்த," என்றாள். கேலி இல்லாமல் சொன்னாள்.

வெர்லின் நெஞ்சை நிமிர்த்தியபோது சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நானே கேட்டேன். மறுநாளே அவன் அடுத்த வருடத்துக்கு எண்பது குச்சி ஜட்ஜுக்குச் சொல்லி அனுப்பினான்.

உறைவிந்துக் குச்சியைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கி ஒரு நிமிடம் வெளியே பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு கிடாரிக்கு அதைப் போடுவதும் ஒன்றுதான், பேனா ரீஃபிலைப் போடுவதும் ஒன்றுதான்.